நடையும் வழியும்

வடலூரிலிருந்து கும்பகோணம் செல்லும் சாலையும் விருத்தாசலத்திலிருந்து சிதம்பரம் செல்லும் சாலையும் கூடுமிடம் சேத்தியாத்தோப்பு. வெள்ளாற்று அணைக்கட்டினால் பலரும் அறிந்த ஊர். வேளாங்கண்ணியில் ஆகஸ்டு 29-ஆம் நாள் கொடியேறுமுன் அங்குச் சென்று சேர விரும்பி, விருத்தாசலம் பக்கமிருந்து காவியுடுத்தி நடந்து வருவோர்க்கு இதுவே இயல்பான வழி. இதன்பின் புவனகிரி, சிதம்பரம், சீர்காழி, காரைக்கால், நாகப்பட்டினம் என வழி நீளும். தைப்பூசத்தின்போதோ வள்ளலாரின் அன்பர்கள் வடலூர் ஞானசபையை நோக்கி நடப்பர்.

இத்தகைய நடைப்பயணத்தைத் தொன்மையான வழக்கம் என்று கூறிப் பழகிவிட்டோம். அது ஓரளவே உண்மை. தொடர்வண்டியும் பேருந்தும் இல்லாத நாளில் நெல் விற்கச் சென்றவனும் மகளைக் காணச் சென்ற தாயும் நடந்தே சென்றனர். அதனைத் தவமென்று எவரும் போற்றியிருக்கமாட்டார். வண்டிகள் பெருகிய பின்னரே, நடப்பது பெரும்பாலும் நேர்ந்துகொள்ளத்தக்க காணிக்கையாயிற்று. விருத்தாசலத்திற்கு அப்பால் கோணான்குப்பத்தில் பெரியநாயகி அன்னைக்கு ஆலயம் எழுப்பிய வீரமாமுனிவர் (1680–1747) பல்லக்கில் சென்றவர் என்றே அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். மேலோர் ஏறிச் செல்வதும் எளியோர் நடப்பதும் அக்காலத்து ஒழுங்கு. துறவியாயினும் அவ்வொழுங்கைப் பொருட்படுத்த வேண்டியிருந்தது போலும்.

எனினும் எளியோர்க்கும் எல்லா வழியிலும் நடக்க உரிமை இருந்ததா? இவ்வட்டாரத்தைச் சேர்ந்த ஆதனூர் நந்தனாரை நினைத்துப் பார்ப்போம். தில்லைக்கு 'நாளைப் போவேன்' என்று சொல்லிச் சொல்லி நாள் கழித்தவர். அதனாலேயே திருநாளைப்போவார் என்று பெயர் பெற்றார். கால் வலுவில்லாமலோ வழி தெரியாமலோ அவர் தங்கவில்லை. பிறப்பைக் காட்டி ஊர் அவரைத் தடுத்தது. ஒருவாறு சென்றடைந்தபோதும் ஊருக்குள் நுழையத் துணியாமல் அதன் எல்லையையே சுற்றி வந்தார் என்று பெரியபுராணம் கூறும். தீயில் மூழ்கிய பின்னரே அவருக்குக் கோயில் திறந்ததென அந்நூல் முடிப்பதை நாம் எளிதில் கடந்துவிட முடியாது. சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் 1916-இல் தொடங்கிய ஒடுக்கப்பட்டோர் பள்ளிக்கு நந்தனார் பெயரையே சூட்டினார்.

1924-இல் வைக்கத்தில் மூண்ட போராட்டமும் கோயிலைச் சுற்றியிருந்த தெருக்களில் நடக்கும் உரிமைக்காகவே. ஆறாண்டுகள் கழித்து நடையே போராட்டமாயிற்று. காந்தியடிகள் 1930 மார்ச்சு 12 அன்று தண்டி நோக்கிப் புறப்பட்டார். ஏப்ரல் 13 அன்று இராஜாஜி ஏறத்தாழ நூறு தொண்டர்களுடன் திருச்சியிலிருந்து வேதாரண்யத்திற்கு நடந்தார். வழியில் அவர்களுக்கு உணவளித்தால் தண்டனை என்று தஞ்சை மாவட்ட ஆட்சியர் தார்ன் அறிவித்தும் மக்கள் உணவளித்தனர். உண்போர் அறியுமாறு சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டி வைத்தனர் என்பர்.

இன்று அவ்வழிகளும் சுற்றுலாவாகின்றன. ஸ்பெயினிலுள்ள சந்தியாகு திருத்தலத்திற்குச் செல்லும் பாதையை 1987-இல் ஐரோப்பிய மன்றம் பண்பாட்டு வழியாக அறிவித்தது. 2023-இல் அங்கு சான்றிதழ்க்காகப் பதிவு செய்தோர் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர். கால்நடையாக வருவோர் கடைசி 100 கிலோமீட்டரையேனும் நடந்திருந்தால்தான் சான்றிதழ். நம்பிக்கையால் நடப்போரும் உடல்நலத்திற்காக நடப்போரும் ஊர் காண நடப்போரும் அங்கு ஒரே வரிசையில் நிற்கின்றனர். நமக்கு அது குறையாகத் தோன்றவில்லை.

அங்கு நடப்போர்க்கெனத் தனிப்பாதை, அடையாளக் கற்கள், தங்குமனைகள் உண்டு. நம் முன்னோரும் சத்திரம் கட்டினர். தண்ணீர்ப் பந்தல் வைத்தனர். கருவுற்றபடியே இறந்த பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கிக் கல் நட்டனர். நான்குவழிச் சாலைகளில் இவற்றுக்கு இடமில்லை. விழாக்காலத்தில் நடப்போர் வெள்ளைக் கோட்டிற்கு வெளியே, பேருந்தின் காற்று முதுகில் அறைய, ஒருவர் பின் ஒருவராகவே செல்கின்றனர்.