ஒன்பதாம் வகுப்பில் முடிவாகும் கல்லூரி

ஒரு பெண் கல்லூரிக்குப் போவாளா, மாட்டாளா என்பது ப்ளஸ் டூ ரிசல்ட் வரும் நாளில் தெரியும் என்று நினைத்துக்கொள்கிறோம். ஆரணியின் தறித் தெருவில் வளர்ந்த எனக்கு அப்படித் தோன்றியதில்லை. எட்டாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் நடுவிலேயே வீட்டுக்குள் அது முடிவாகிவிடும். யாரும் அதை முடிவு என்று சொல்வதில்லை. "தார் சுத்திட்டு அப்புறம் படி" என்பார்கள். அவ்வளவுதான்.

பெண்கல்வியின் வரலாற்றை எழுதும்போது 1914-இல் ராணி மேரிக் கல்லூரி, 1915-இல் மகளிர் கிறித்துவக் கல்லூரி, 1948-இல் மதுரை லேடி டோக் என்று கல்லூரி வாசல்களை எண்ணுகிறோம். அந்த வாசல்வரை வந்து சேரும் வழியை எழுதுவது குறைவு. அந்த வழி எங்கள் ஊரில் தறிக்குழியின் ஓரமாகப் போகிறது.

பட்டுத்தறியில் உட்கார்ந்து நெய்பவர் பெரும்பாலும் அப்பா. ராட்டையில் தார் சுற்றுவதும், அறுந்த இழையைப் பிணைப்பதும், பாவு நீட்டும்போது ஒரு முனையில் நிற்பதும், கோர்வைச் சேலை என்றால் கரைப்பக்கம் உட்கார்ந்து நாடா தள்ளுவதும் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் செய்கிற வேலை. கூலி சேலைக்குத்தான். தார் சுற்றியவளுக்கென்று தனிக் கணக்கு கிடையாது. ஆனால் அவள் சுற்றாவிட்டால் தறியிலிருந்து சேலை இறங்காது. பதின்மூன்று வயதில் இந்த வேலைக்குக் கை பழகிவிடுகிறது. அல்ஜீப்ராவும் ஆங்கில இலக்கணமும் கனக்கத் தொடங்குவதும் அதே வயதில்தான்.

என் அம்மா 1973-இல் எஸ்.எஸ்.எல்.சி. தேறியவர். அன்று அது பதினோரு ஆண்டுப் படிப்பு. அடுத்த படியான பி.யூ.சி. கல்லூரியில்தான் இருந்தது. செய்யாறு அரசுக் கலைக் கல்லூரி 1967-இல் வந்திருந்தது. பெண்களுக்கென்று இருந்த ஆக்சிலியம் கல்லூரியோ வேலூரையும் தாண்டி, காட்பாடியில். பதினாறு வயதுப் பெண் தினமும் பஸ் ஏறவேண்டும், அல்லது விடுதியில் தங்கவேண்டும். அம்மாவுக்கு இன்னொரு தடையும் இருந்தது. அன்றைய எஸ்.எஸ்.எல்.சி.யில் பொதுக்கணிதம், காம்போசிட் கணிதம் என்று இரண்டு இருந்தன. அம்மா எடுத்தது பொதுக்கணிதம். பள்ளியிலேயே எடுத்த அந்தத் தேர்வு கணிதம், அறிவியல் பக்கம் போகும் வழியைக் குறுக்கிவிட்டிருந்தது. வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசவில்லை. "இவ போயிட்டா தாரை யாரு சுத்துறது?" என்று பாட்டி ஒருமுறை கேட்டாராம். பேச்சு அதோடு நின்றது.

1978 முக்கியமான ஆண்டு. அந்த ஆண்டு தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி தொடங்கியது. முதல் ப்ளஸ் டூ பொதுத்தேர்வு 1980-இல் நடந்தது. அதே 1978-இல்தான் பெண்ணின் குறைந்தபட்சத் திருமண வயதை 15-இலிருந்து 18 ஆக்கிய சட்டத் திருத்தமும் வந்தது. 1929-இன் சாரதா சட்டம் வைத்த வயது 14. இந்த இரண்டு மாற்றங்களையும் நாம் சேர்த்துப் படிப்பதில்லை. கல்லூரியில் இருந்த பி.யூ.சி. போய், இரண்டு ஆண்டுப் படிப்பாக உள்ளூர்ப் பள்ளிக்கு வந்தது. பஸ் ஏறும் கேள்வி பதினேழு வயதுக்குத் தள்ளிப்போனது. கல்யாணப் பேச்சும், சட்டப்படியாவது, பதினெட்டுக்குத் தள்ளிப்போனது. என்னைப் போன்றவர்கள் ப்ளஸ் டூ முடித்தது இந்த இடைவெளியில்தான்.

அந்த இடைவெளியை அரசு எதற்கென்று பார்த்தது? 1989-இல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமண நிதியுதவித் திட்டம் வந்தது. மணப்பெண் எட்டாம் வகுப்புவரை படித்திருக்கவேண்டும். பின்னாளில் அது பத்தாம் வகுப்பானது. 2011-இல் பத்தாவது தேறியவருக்கு 25,000 ரூபாய், பட்டம் பெற்றவருக்கு 50,000 ரூபாய், இருவருக்கும் தாலிக்கு 4 கிராம் தங்கம் என்றானது. 2016-இல் தங்கம் 8 கிராம் ஆனது. இந்தத் திட்டத்தால் பள்ளியில் நின்ற பெண்கள் உண்டு, அதை மறுக்கமாட்டேன். ஆனால் எங்கள் தெருவில் பத்தாவது மார்க் ஷீட்டைப் பீரோவில் பூட்டி வைத்தது தாலித் தங்கத்துக்காக. தேவதாசி முறையை எதிர்த்துப் போராடிய ஒருவரின் பெயரில், படிப்பு கல்யாணத்துக்கான தகுதியாகிப்போனது.

2022-இல் அதே பெயரில் அது உயர்கல்வி உறுதித் திட்டமாக, 'புதுமைப் பெண்' ஆக மாறியது. 6 முதல் 12-ஆம் வகுப்புவரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரியில் சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய் அவள் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் விழும். 2024-25 முதல் அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. 2020-இல் மருத்துவத்துக்கும் 2021-இல் பொறியியல், வேளாண்மை போன்ற தொழிற்படிப்புகளுக்கும் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டிலும் 6-ஆம் வகுப்பு முதலே அரசுப் பள்ளிதான் கணக்கு. மகனைத் தனியார் பள்ளிக்கும் மகளை அரசுப் பள்ளிக்கும் அனுப்பும் பழக்கத்தை என் தெருவில் நிறையப் பார்த்திருக்கிறேன். வீடு அவளுக்குக் குறைவாகக் கொடுத்தது. அதுவே இன்று அவளுக்கு உரிமையாகியிருக்கிறது. ஆனால் ஆறாம் வகுப்பிலோ ஒன்பதாம் வகுப்பிலோ அவளிடம் யாராவது இதைச் சொல்லவேண்டும். தெரியாமல் நடுவில் பள்ளி மாற்றினால் உரிமை போய்விடும்.

பணம் வந்தாலும் அவளுக்கு நேரம் வந்துவிடுவதில்லை. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தம் 14 வயதுக்குக் கீழ் உள்ளவர்களை வேலைக்கு வைப்பதைத் தடுக்கிறது. ஆனால் பள்ளி நேரம் போக, ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் உதவலாம் என்று விலக்கும் தருகிறது. தறி இருக்கும் வீட்டில் எது உதவி, எது உழைப்பு என்று யார் அளப்பது? அளந்தாலும், அண்ணனின் மாலை நேரமும் தங்கையின் மாலை நேரமும் ஒன்றாக இருப்பதில்லை. அவன் டியூஷனுக்குப் போகும்போது அவள் ராட்டை முன்னால் இருக்கிறாள்.

அதனால் கல்லூரிக்கான தயாரிப்பு என்று யாராவது என்னிடம் கேட்டால் நான் எட்டாம் வகுப்பிலிருந்து பேசத் தொடங்குகிறேன். அரசு, அரசு உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகள் எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். தேர்வு எழுதலாம். தேறினால் 9 முதல் 12 வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். சாதிச் சான்றிதழையும் அவள் பெயரில் வங்கிக் கணக்கையும் அப்போதே வாங்கி வைக்கலாம். ஒன்பதில் கணக்கு விட்டுப்போனால், ப்ளஸ் ஒன்னில் எந்த குரூப் என்பதை அவளுக்குப் பதிலாக அந்த மார்க்கே சொல்லிவிடும். பள்ளியில் பெற்றோர் கூட்டம் போடுகிறவர்கள், பன்னிரண்டாம் வகுப்பு அம்மாக்களைக் கூப்பிடும் அக்கறையோடு எட்டாம் வகுப்பு அம்மாக்களையும் கூப்பிடவேண்டும். அப்பாக்களையும்தான். சாயங்காலம் ஆறிலிருந்து எட்டுவரை தாரை யார் சுற்றுவது என்ற கேள்விக்கு அவர்களும் பதில் சொல்லவேண்டும்.