லாரன்ஸின் இரு மாணாக்கர்

செங்கல்பட்டிலிருந்து தெற்கே மதுராந்தகம் செல்லும் வழியில் இருக்கிறது கருங்குழி. பதினெட்டாம் நூற்றாண்டில் அங்கிருந்த கோட்டையை ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மாறி மாறிப் பிடித்தனர். 1759 டிசம்பரில் அயர் கூட் அதை வென்றார். பின்னர் ஹைதர் அலியின் வசமாகி, 1781 ஜனவரியில் மீண்டும் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. கூட்டின் பெயரை வந்தவாசிப் போரோடு சேர்த்துப் பள்ளியிலேயே படித்துவிடுகிறோம். கும்பினியின் சென்னைப் படையை உருவாக்கிய ஸ்ட்ரிங்கர் லாரன்ஸைத்தான் மறந்துவிட்டோம்.

1748இல் தமிழகக் கரையில் வந்திறங்கியபோது லாரன்ஸுக்கு ஏறத்தாழ ஐம்பது வயது. ஐரோப்பியப் போர்க்களங்களைக் கண்ட அந்த மூத்த வீரர், சிதறிக் கிடந்த காவற்கூட்டங்களைப் பழக்கிப் படையாக்கினார். அவரிடம் பெரிய போர்த்தந்திரங்களைவிட ஆளறியும் கண் அதிகம் இருந்தது. கணக்கெழுத வந்த ராபர்ட் கிளைவிடம் தளபதியைக் கண்டவர் அவர். 1749இல் தேவிக்கோட்டைத் தாக்குதலில் முன்னணியை அந்த இளைஞரிடமே ஒப்படைத்தார்.

கிளைவ் இதை மறக்கவில்லை. கும்பினி வைரப்பிடி போட்ட வாளைப் பரிசளிக்க முன்வந்தபோது, லாரன்ஸுக்கும் ஒன்று தந்தால்தான் பெறுவேன் என்றார். லாரன்ஸுக்கு ஆண்டுக்கு 500 பவுண்டு உதவித்தொகையும் அளித்தார்.

லாரன்ஸ் வளர்த்தெடுத்த இன்னொருவர் நம் மண்ணைச் சேர்ந்த யூசுப் கான். திருச்சிராப்பள்ளிப் போரில் அவர் திறனைக் கண்ட லாரன்ஸின் பரிந்துரையால், 1754இல் கும்பினிச் சிப்பாய்கள் அனைவருக்கும் தலைவரானார். 1758 டிசம்பரில் பிரெஞ்சுப் படை சென்னையை முற்றுகையிட்டபோது லாரன்ஸ் கோட்டைக்குள் நின்று காத்தார். வெளியே செங்கல்பட்டைத் தளமாகக் கொண்டு, கேப்டன் பிரெஸ்டனும் யூசுப் கானும் எதிரியின் முதுகில் அடித்தபடி இருந்தனர். 1759 பிப்ரவரியில் முற்றுகை விலகியது.

ஐந்தே ஆண்டுகளில் காட்சி மாறியது. மதுரையில் தனியாட்சி செய்ய முனைந்த யூசுப் கானைக் கும்பினி முற்றுகையிட்டது. செங்கல்பட்டுத் தோழர் பிரெஸ்டன் அந்த முற்றுகையில் பட்ட காயத்தால் மாண்டார். தன் ஆட்களாலேயே காட்டிக்கொடுக்கப்பட்ட யூசுப் கான் 1764 அக்டோபர் 15 அன்று தூக்கிலிடப்பட்டார். அப்போது சென்னைப் படையின் தலைமைத் தளபதி லாரன்ஸ். ஆளுநர் அவருடைய உற்ற நண்பர் ராபர்ட் பாக். இன்றும் பாக் நீரிணை தாங்கி நிற்பது அவர் பெயரைத்தான்.

1766இல் ஓய்வு பெற்ற லாரன்ஸ், பாக் குடும்பத்தையே தன் குடும்பமாகக் கொண்டார். பாக்கின் மகனுக்கு லாரன்ஸ் என்றே பெயர். 1775இல் இறந்தபோது செல்வத்தின் பெரும்பகுதி அக்குடும்பத்துக்கே சென்றது. 1788இல் இங்கிலாந்தின் டெவன் பகுதியில், ஹால்டன் குன்றின்மேல் பாக் ஒரு கோபுரம் எழுப்பினார். உள்ளே ரோமானிய உடையில் லாரன்ஸின் சிலை நிற்கிறது.

மதுரை சம்மட்டிபுரத்தில் கான் சாகிப்பின் சிறிய தர்கா இருக்கிறது. ஆளறிந்து வளர்த்த ஆசானுக்குப் பெருமை சேர்க்கும்போது, அந்தச் சமாதியையும் கணக்கில் சேர்த்தாக வேண்டும். இரு மாணாக்கரிடமும் அவர் கண்டது ஒரே துணிவு. ஒருவனுக்கு அது பிரபுப் பட்டம் தந்தது, மற்றவனுக்குத் தூக்குக்கயிறு. எந்தத் துணிவை எதுவரை பொறுப்பது என்பதைத் தீர்மானித்தது ஆசானல்ல, கும்பினி.