எம், கே, அரைப்புள்ளி: போடியிலிருந்து ஒரு ஃபாண்ட் கதை

இன்னிக்கு கதை ஒரு பழைய பென் டிரைவ்ல ஆரம்பிக்குது.

எங்க ஊர் போடிநாயக்கனூர். விடியறதுக்கு முன்னாடியே ஜீப்புகள் ஆட்களை ஏத்திக்கிட்டு போடிமெட்டு மலைப்பாதையில ஏறிடும். மெட்டைத் தாண்டினா கேரளா. அங்க இருக்கிற ஏலத்தோட்டம் ஒண்ணுல எங்க அப்பா ரொம்ப வருஷம் கணக்குப்பிள்ளை. யார் வந்தாங்க, எத்தனை நாள், எவ்வளவு கூலி, எல்லாத்தையும் 2004 வாக்குல இருந்து கம்ப்யூட்டர்ல தமிழ்லயே டைப் பண்ணி வெச்சிருந்தார்.

போன வருஷம் ஒரு அம்மா வீட்டுக்கு வந்தாங்க. அந்தத் தோட்டத்துல காய் எடுத்தவங்க, வேலையை விட்டு நின்னாச்சு. பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி கேட்கணும். 2025 வரைக்கும் நடப்புல இருந்த 1972-ம் வருஷத்துச் சட்டம் தோட்டத் தொழிலுக்கும் பொருந்துச்சு. தொடர்ந்து 5 வருஷம் வேலை பார்த்திருக்கணும், வருஷத்துக்கு 240 நாள் வேலை பார்த்திருந்தா அது தொடர்ச்சியான ஒரு வருஷம். அதைக் காட்ட ஒரு ஆதாரம் வேணும். "கணக்குப்பிள்ளை ஐயா, எம்பேரு உங்க பொட்டியில இருக்குமுல்ல?"ன்னு கேட்டாங்க.

பழைய கம்ப்யூட்டர் எப்பவோ போயிடுச்சு. பென் டிரைவ் மட்டும் இருந்தது. என் லேப்டாப்ல போட்டு ஃபைலைத் திறந்தேன். பக்கம் பக்கமா ஆங்கில எழுத்து, நடுநடுவுல அரைப்புள்ளி. ஒரு வார்த்தை கூட புரியல. "ஃபைல் கெட்டுப்போச்சுப்பா"ன்னு சொல்லிட்டேன். நான் கம்ப்யூட்டர் இன்ஜினியர் வேற!

கெட்டுப்போகலை. ஏன்னு புரியணும்னா கொஞ்சம் பின்னாடி போகணும்.

1990-கள்ல கம்ப்யூட்டருக்குத் தமிழ் எழுத்துன்னா என்னன்னே தெரியாது. அதுக்குத் தெரிஞ்சது எண்கள் மட்டும்தான். இந்த எண் வந்தா இந்த ஆங்கில எழுத்தைக் காட்டுன்னு ஒரு அட்டவணை. நம்ம ஆட்கள் ஒரு குறுக்கு வழி கண்டுபிடிச்சாங்க: எண்ணை அப்படியே விட்டுட்டு, எழுத்தோட படத்தை மட்டும் மாத்து. பாமினின்னு ஒரு ஃபாண்ட் கேள்விப்பட்டிருப்பீங்க. அதுல ஆங்கில 'எம்' இருக்கிற இடத்துல 'அ'வை வரைஞ்சு வெச்சிருக்காங்க. 'கே'தான் 'ம'. அரைப்புள்ளிதான் மெய்யெழுத்து மேல வைக்கிற புள்ளி. 'எச்'தான் துணைக்கால். ஆக, 'அம்மா'ன்னு நீங்க பார்க்கிறது கம்ப்யூட்டருக்கு 'எம், கே, அரைப்புள்ளி, கே, எச்'. அவ்வளவுதான்.

இப்படி ஆளுக்கொரு ஃபாண்ட், ஃபாண்டுக்கொரு அட்டவணை. ஒருத்தர் அனுப்பின கடிதத்தை இன்னொருத்தர் படிக்கணும்னா அதே ஃபாண்ட் அவர்கிட்டயும் இருக்கணும். இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1999 பிப்ரவரியில சென்னையில தமிழ்நெட் 99 மாநாடு நடந்தது. அங்கிருந்து வந்ததுதான் தமிழ்99 விசைப்பலகை. உயிரெழுத்து இடது கைக்கு, மெய்யெழுத்து பெரும்பாலும் வலது கைக்கு. ஒரே மெய்யை ரெண்டு தடவை தட்டினா முதல் எழுத்துக்குப் புள்ளி தானா விழும். 'ஏலக்காய்'னு அடிக்க 7 தட்டு போதும்.

இன்னொரு பக்கம் யூனிகோட். 1991-ல வந்த முதல் பதிப்புலயே தமிழுக்குத் தனி இடம் கொடுத்தாச்சு. அந்த எண் வந்தா அது தமிழ் 'அ'தான், உலகத்துல எந்த மெஷின்லயும். அப்புறம் என்ன பிரச்சினை? அப்பா 2004-ல ஏன் பாமினியில அடிச்சார்?

இங்கதான் செட்டிங்ஸ் வருது. விண்டோஸ் எக்ஸ்பி 2001-ல வந்தது. அதுல யூனிகோட் தமிழ் இருந்தது, ஆனா ஆன் ஆகியிருக்காது. கன்ட்ரோல் பேனல் போய், ரீஜனல் அண்ட் லாங்குவேஜ் ஆப்ஷன்ஸ் திறந்து, லாங்குவேஜஸ் பக்கத்துல ஒரு டிக் போடணும். அந்த டிக் பக்கத்துல என்ன எழுதியிருக்கும் தெரியுமா? சிக்கலான எழுத்துமுறைகள், வலமிருந்து இடமா எழுதுற மொழிகள், தாய்லாந்து மொழி உட்பட. தமிழ்ங்கிற பேரே கிடையாது! டிக் போட்டாலும் பல சமயம் எக்ஸ்பி சிடியைக் கேட்கும். தோட்டத்து ஆபீஸ்ல சிடிக்கு எங்க போறது? 2007-ல விஸ்டா வந்தப்புறம்தான் இந்த டிக்கே தேவையில்லாமப் போச்சு.

அதே 2007-லதான் ஸ்பைசஸ் போர்டு ஏலக்காய்க்கு மின்னணு ஏலம் ஆரம்பிச்சது. எங்க போடி அதோட முக்கியமான மையம். அதுவரைக்கும் வாய்விட்டு விலை கேட்ட வியாபாரிங்க, திரைக்கு முன்னாடி உட்கார்ந்து பட்டனை அழுத்தினாங்க. காயோட விலை ஒழுங்கா கம்ப்யூட்டருக்குள்ள போயிடுச்சு. காயைப் பறிச்சவங்க பேர் மட்டும் 'எம், கே, அரைப்புள்ளி'யாவே கிடந்தது.

சரி, பென் டிரைவுக்கு வருவோம். அன்னிக்கு ராத்திரி மறுபடி திறந்து, புரியாத வரியில கர்சரை வெச்சேன். மேல ஃபாண்ட் பேர் காட்டுற பெட்டியில 'பாமினி'ன்னு இருந்தது. வேர்டுல இது ஒரு நல்ல விஷயம்: ஃபாண்ட் நம்ம மெஷின்ல இல்லைன்னாலும், ஃபைல்ல இருக்கிற பேரைக் காட்டும். ஃபாண்டை இறக்கி, ரைட் கிளிக் பண்ணி இன்ஸ்டால் கொடுத்தேன். வேர்டை மூடித் திறந்தா, முழுப் பக்கமும் தமிழ். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு விரலால தேடி, "இந்தா இருக்கு"ன்னார். மாசாமாசம், நாள் கணக்கோட.

அப்படியே விட்டா அடுத்த மெஷின்ல இதே கதைதான். அதனால கன்வெர்ட்டர்ல போட்டு எல்லாத்தையும் யூனிகோடுக்கு மாத்தினேன். பேர்களை அப்பா ஒவ்வொண்ணா சரிபார்த்தார். அந்த அம்மா பிரின்ட் அவுட்டை மடிச்சு மஞ்சப்பையில வெச்சுக்கிட்டு மறுநாள் மலைக்குப் போனாங்க. பணம் இன்னும் வரலை. ஆனா "உங்க பேரே எங்ககிட்ட இல்லையே"ன்னு இனிமே யாரும் சொல்ல முடியாது.

இப்போ உங்களுக்கு ரெண்டு வேலை. ஒண்ணு, செட்டிங்ஸ்ல டைம் அண்ட் லாங்குவேஜ் போய் தமிழைச் சேருங்க. 2019-லேர்ந்து விண்டோஸ் 10-லயே தமிழ்99 இருக்கு. விண்டோஸ் பட்டனோட ஸ்பேஸ் பார் தட்டினா மொழி மாறும். ரெண்டாவது, வீட்டுல பழைய பென் டிரைவ், சிடி ஏதாவது கிடந்தா திறந்து பாருங்க. புரியாத எழுத்தா வந்தா டெலீட் பண்ணிடாதீங்க. முதல்ல ஃபாண்ட் பெட்டியைப் பாருங்க. உள்ள யாரோட பேராவது காத்துக்கிட்டு இருக்கலாம்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.