குண்டுவீச்சு அணியும் இளையாத்தங்குடிப் புள்ளியும்

கணினித் திரையில் விமானம் ஓட்டிப் போரிடும் விளையாட்டுகளை இலக்கிய நண்பர்கள் பெரும்பாலும் பிள்ளைகள் சமாசாரம் என்று ஒதுக்கிவிடுவதுண்டு. அவற்றுள் ஒரு பகுதி வரலாறு கற்பவர்க்குப் பயன்படும் என்பது நம் எண்ணம். துரத்திச் சுடும் சண்டை விமானங்களின் பகுதி அன்று. பலர் கூடிக் குண்டுவீச்சு விமானங்களை ஓர் அணியாகச் செலுத்தும் பகுதியே அது.

1980களின் இறுதியில் தொலைபேசிக் கம்பி வழியாகப் பலரை ஒரே வானில் பறக்கவிட்ட 'ஏர் வாரியர்' தொடங்கி, 'வார்பேர்ட்ஸ்', 2000இல் வந்த 'ஏசஸ் ஹை', 2001இல் வந்த 'ஐஎல்-2 ஸ்டுர்மோவிக்' எனச் சிமுலேட்டர் விளையாட்டுகள் வரிசையாய் வந்தன. 'ஏசஸ் ஹை'யில் ஒருவரே மூன்று விமானங்கள் கொண்ட சிற்றணியைச் செலுத்தலாம். அவர் ஓட்டுவது ஒன்று, அதனைப் பின்தொடர்வன இரண்டு. பத்துப் பேர் சேர்ந்தால் முப்பது விமானங்கள் வானை அடைத்துக்கொண்டு செல்லும். புறப்படுமுன் தலைவர் உயரம், வேகம், திசை, இலக்கு ஆகியவற்றைச் சொல்லிவிடுவார். பிறகு நெடுநேரம் ஒன்றும் நிகழாது. விமானங்கள் உயரம் ஏறிக்கொண்டே இருக்கும். பக்கத்து விமானத்தின் இறக்கையைப் பார்த்தபடி இடைவெளியைக் காப்பது ஒன்றே வேலை. பொறுமையற்ற இளைஞர்கள் இவ்விடத்திலேயே கழன்றுகொள்வார்கள்.

இந்த இறுக்கமான அணி அழகுக்காக வந்ததன்று. குண்டுவீச்சு விமானம் கனமானது. பகைவரின் சண்டை விமானம் துரத்தினால் வளைந்து தப்ப இயலாது. ஆகவே பல விமானங்கள் நெருங்கிப் பறந்து, ஒன்றின் பின்புறத்தை மற்றொன்றின் துப்பாக்கி காக்கும்படி அமைந்தன. இலக்கை நெருங்கும் கடைசிச் சில நிமிடங்களில் நேர்கோட்டில், மாறாத உயரத்தில், மாறாத வேகத்தில் செல்லவேண்டும். இல்லையேல் குறிநோக்கியின் கணக்குப் பிழைபடும். எதிரியின் குண்டுகள் சுற்றிலும் வெடித்தாலும் விலகுதல் கூடாது. முன்செல்லும் விமானம் குண்டை விடுத்ததும் பின்வருவன யாவும் விடுக்கும். அணி எவ்வளவு அகலமோ, தரையில் அழிவும் ஏறத்தாழ அவ்வளவு அகலம்.

இங்கே சிறு கணக்கு ஒன்று. ஆறாயிரம் மீட்டர் உயரத்திலிருந்து விடுத்த குண்டு தரையைத் தொட 35 நொடிகளுக்கு மேல் ஆகும். விமானம் நொடிக்கு நூறு மீட்டர் செல்வதாயின், இலக்குக்கு மூன்று கிலோமீட்டர் முன்னரே குண்டு கைவிட்டுப் போகவேண்டும். விடுத்தவன் தன் கீழே பார்ப்பது வேறோர் இடம். குண்டு விழப்போகும் இடம் அவனுக்குக் கண்ணாடியில் தெரியும் சிறு புள்ளி மட்டுமே. விளையாட்டு இதனை உள்ளவாறே காட்டுகிறது. நூலில் பத்துப் பக்கம் படித்தும் விளங்காத இவ்வுண்மை, ஒருமுறை அந்தக் குறிநோக்கியில் கண் வைத்தால் விளங்கிவிடும்.

இத்தகைய அணி வந்து இறங்கிய ஊர்களுள் தமிழர்க்கு மிக நெருக்கமானது எது? சென்னையன்று. 1943 அக்டோபரில் சென்னைமேல் குண்டு போட வந்தது ஒற்றை ஜப்பானிய விமானம்; அதனை அணி என்று சொல்லமுடியாது. நாம் கருதுவது இரங்கூன்.

1941 டிசம்பர் 23, செவ்வாய்க்கிழமை, முற்பகல். ஏறத்தாழ 80 ஜப்பானியக் குண்டுவீச்சு விமானங்கள், துணைக்குச் சண்டை விமானங்கள் சூழ, இரங்கூன் வானில் தோன்றின. அவற்றுள் பெரும்பாலானவை மிட்சுபிசி கி-21 என்னும் இரட்டை எஞ்சின் விமானங்கள். மிங்கலடோன் விமானத் தளத்திலிருந்து பிரிட்டிஷாரின் பஃபலோ விமானங்களும், அமெரிக்கத் தன்னார்வக் குழுவினரின் பி-40 விமானங்களும் எதிர்த்து ஏறின. ஜப்பானியர் சில விமானங்களை இழந்தனர். ஆயினும் அணி நகரின்மேல் வந்து சேர்ந்தது. குண்டுகள் துறைமுகத்திலும் நகரத் தெருக்களிலும் விழுந்தன.

அன்று நகர மக்கள் பதுங்கவில்லை. தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தனர். விமானத் தாக்குதலை அதற்குமுன் கண்டிராத ஊர். வெயிலில் மின்னும் வரிசையை வேடிக்கை பார்த்தது. மனிதரைக் குறிவைத்துச் சிதறும் குண்டுகள் அக்கூட்டத்தின் நடுவே வெடித்தன. இறந்தோர் தொகை ஆயிரத்துக்கு மேல் என்றும், இரண்டாயிரம் வரை என்றும் மதிப்பிடுவர். கிறிஸ்துமஸ் நாளன்று மீண்டும் ஓர் அணி வந்தது. துறைமுகக் கூலிகள் வேலையை விட்டு ஓடினர். கப்பலில் வந்த சரக்கை இறக்க ஆளில்லை.

அந்த மக்கள் யார்? 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இரங்கூன் மக்கள்தொகை ஏறத்தாழ நான்கு இலட்சம். அதில் பாதிக்கு மேல் இந்தியர். தெலுங்கர், ஒரியர், வங்காளியரோடு தமிழரும் பலர். துறைமுகத்தை ஒட்டிய கடற்கரைச் சாலையிலிருந்து வடக்கே செல்வது மொகல் தெரு. இன்று அதற்குச் சுவே போந்தா தெரு என்று பெயர். நகரத்தார் பெட்டியடிகளும் கிட்டங்கிகளும் செறிந்திருந்த தெரு அது. ஒரே கூடத்தில் பல விலாசங்கள். பாயும் கணக்குப் பெட்டியும் வைத்து அமர்ந்த மேலாட்கள், அடுத்தாட்கள், பெட்டியடிப் பையன்கள். மூன்றாண்டுக் கெடு முடிந்தால் ஊர் திரும்பி, மீண்டும் போவார்கள். படகுத்துறைக்கும் அத்தெருவின் தலைப்புக்கும் இடையே சில நூறு மீட்டரே தொலைவு. மேலே சொன்ன அணியின் அகலத்தை இங்கே பொருத்திப் பார்க்கவேண்டும். துறைமுகம் இலக்கு, தெரு இலக்கன்று என்னும் பாகுபாடு ஆறாயிரம் மீட்டர் உயரத்தில் நிற்பதில்லை.

இவ்விடத்தில் இளையாத்தங்குடிக்கு வருவோம். நகரத்தாரின் ஒன்பது நகரக் கோயில்களுள் இதுவும் ஒன்று. கயிலாசநாதரும் நித்தியகல்யாணியும் எழுந்தருளியுள்ள இக்கோயில், ஒக்கூருடையார் முதலாக ஏழு பிரிவினருக்கு உரியது. நகரத்தார் மரபில் மணமக்கள் இன்ன கோயிலார் என்பதற்கு மணநாளில் கோயிலிலிருந்து மாலை வரும். அன்றுமுதல் அத்தம்பதி கோயிலின் கணக்கில் ஒரு 'புள்ளி'. கோயில் வரி புள்ளிக்கு இவ்வளவு என்று வகுக்கப்படும். ஊருக்கு எத்தனை புள்ளி, கோயிலுக்கு எத்தனை புள்ளி என்று கேட்டால் இன்றும் விடை கிடைக்கும். பர்மாவுக்குப் போனவன் எங்கிருந்தாலும் புள்ளி இங்கேதான். மனைவி பெரும்பாலும் ஊரில் இருந்தாள். கடிதமும் உண்டியலும் கடல் கடந்து வந்தன.

1938 அளவில் கீழ்ப்பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் சாகுபடி நிலத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு செட்டியார்கள் கைக்கு வந்திருந்தது. பெருமந்தத்தில் கடன் அடைக்கமுடியாத உழவர் நிலம் அது. பர்மியரின் மனக்கசப்பு அதில் வேர்கொண்டது என்பதை மறைத்து எழுதுவது நேர்மையாகாது. 1948இல் பர்மா நிலத்தைத் தேசவுடைமையாக்கச் சட்டம் இயற்றியது. ஆனால் முடிவு முன்னரே தொடங்கிவிட்டது, அந்தச் செவ்வாய்க்கிழமையில்.

குண்டுக்குத் தப்பியவர்கள் நடந்தனர். புரோம் வழியாகத் தாவுங்கப் கணவாய் கடந்து அரக்கான் கரைக்கு ஒரு வழி. மாண்டலே, தாமு, மணிப்பூர் என்று மற்றொரு வழி. 1942 மார்ச் 8இல் இரங்கூன் வீழ்ந்தபின் கடல்வழி அடைபட்டது. நான்கு இலட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர் வெளியேறினர். வாந்திபேதியிலும் பசியிலும் பல்லாயிரவர் வழியிலேயே மாண்டனர். இரங்கூனில் 'ஜோதி' இதழை நடத்திய வெ. சாமிநாத சர்மா தம் நடைப்பயணத்தை நூலாக எழுதியிருக்கிறார். தமிழில் இத்துறையில் முதலில் படிக்கவேண்டியது அதுவே.

அணியின் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். 1944 ஆகஸ்ட் 10 அன்று திருகோணமலையின் சீனன்குடா தளத்திலிருந்து 54 அமெரிக்க பி-29 விமானங்கள் சுமத்ராவின் பாலெம்பாங் எண்ணெய் ஆலையை நோக்கிப் புறப்பட்டன. போக வர ஏறத்தாழ 6,000 கிலோமீட்டர். 18 மணி நேரத்துக்கு மேல். முப்பத்தொன்பதுதான் பாலெம்பாங்கை எட்டின. அவற்றுள் எட்டு மூசி ஆற்றில் கண்ணிவெடிகளைப் போட்டன. மற்றவை மேகத்தின் ஊடே குண்டு வீசின. ஆலைக்குச் சேதம் சொற்பம். தமிழர் வாழும் கரையிலிருந்து கிளம்பிய பெரும் அணி இது. விளையாட்டில் இப்பயணத்தை முழுதாக ஓட்டுவார் யார்? பதினெட்டு மணி நேரம் எரிபொருள் முள்ளையே பார்த்துக்கொண்டு இருப்பதற்கு யாரும் முன்வரார். ஆகவே சிமுலேட்டர் தொலைவைச் சுருக்கிக்கொள்கிறது. அதனை நாம் குறை சொல்லவில்லை. தரையில் ஒன்றைக்கூடச் சுருக்காமல் விட்டுவிட்டதுதான் உறுத்துகிறது: அங்கே கட்டடங்கள் உண்டு, புகை உண்டு, மதிப்பெண் உண்டு, அண்ணாந்து பார்ப்பவர் இல்லை.

செட்டிநாட்டிலும் அப்போரின்போது போட்ட ஓர் ஓடுபாதை இருக்கிறது. இளையாத்தங்குடியிலிருந்து அதிகத் தொலைவில்லை. போர்க்கால ஓடுபாதை என்றதும் இளைஞர்கள் அங்கிருந்து எந்த விமானம் பறந்தது என்று கேட்கிறார்கள். நல்ல கேள்விதான். அதனோடு, பர்மாவுக்குப் போன தம் வீட்டார் யார், எந்தத் தெருவில் இருந்தார், எவ்வழியே திரும்பினார் என்று வீட்டு முதியோரையும் கேட்கலாம். கோயிலின் புள்ளிக் கணக்கில் அதற்கும் ஒரு குறிப்பு உண்டு. தம்பதியருள் ஒருவர் இறந்தால் எஞ்சியவரைக் கணக்கிலிருந்து நீக்குவதில்லை. அரைப்புள்ளி என்று எழுதுவார்கள்.