அஞ்சு கோல், அஞ்சு பேர்: நம்ம அரியலூர்ப் பையன் ஆடிய அணி

இன்று கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

நம் மாவட்டத் தலைநகரான அரியலூரைச் சேர்ந்த செல்வம் கார்த்தியை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். கோவில்பட்டியில் ஹாக்கிப் பயிற்சி பெற்று வளர்ந்தவர். 2022 மே 23-ஆம் தேதி ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பைப் போட்டி. எதிரணி பாகிஸ்தான். இந்திய அணிக்காக அவர் இறங்கிய முதல் ஆட்டமே அதுதான். அதில் இந்தியாவின் ஒரே கோலை அவர்தான் அடித்தார். ஆட்டம் 1-1 என்று முடிந்தது. கோவில்பட்டி மாரீஸ்வரனும் அந்த அணியில் இருந்தார்.

ஆனால் நான் சொல்ல வந்தது அடுத்த ஆண்டின் கதை. 2023 ஆகஸ்ட்டில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை சென்னை எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கில் நடந்தது. 2007 ஆசியக் கோப்பைக்குப் பிறகு 16 ஆண்டுகள் கழித்துச் சென்னைக்கு வந்த பெரிய சர்வதேச ஹாக்கி அது. கார்த்தி சொந்த மாநிலத்து மக்கள் முன்னால் ஆடினார்.

ஆகஸ்ட் 6 அன்று லீக் ஆட்டத்தில் மலேசியாவை இந்தியா 5-0 என்று வென்றது. கார்த்தி, ஹர்திக், ஹர்மன்பிரீத், குர்ஜந்த், ஜுக்ராஜ் ஆளுக்கு ஒன்று. ஆகஸ்ட் 11 அரையிறுதியில் ஜப்பானையும் 5-0. ஆகாஷ்தீப், ஹர்மன்பிரீத், மன்பிரீத், சுமித், கார்த்தி ஆளுக்கு ஒன்று. கணக்கு வாத்தியார் கண்ணில் இது படாமல் போகுமா? பத்துக் கோலில் ஒரே ஆட்டத்தில் இரண்டு அடித்தவர் ஒருவர்கூட இல்லை. முன்வரிசை, நடுவரிசை, பின்வரிசை மூன்றிலிருந்தும் கோல் வந்திருக்கிறது.

இதற்குக் காரணம் இன்றைய ஹாக்கியின் அமைப்பு. நாங்கள் படித்த காலத்தில் ஐந்து பேர் முன்னே, மூன்று பேர் நடுவே, இரண்டு பேர் பின்னே, ஒரு கோல்கீப்பர் என்று சொல்லித் தருவார்கள். ஆட்டம் 70 நிமிடம். இறங்கியவர்களே பெரும்பாலும் கடைசி வரை ஓட வேண்டும். இப்போது 15 நிமிடம் வீதம் நான்கு கால் பகுதிகள். எத்தனை முறை வேண்டுமானாலும் ஆளை மாற்றலாம். முன்வரிசைக்காரர் சில நிமிடம் மூச்சு முட்ட ஓடிவிட்டு வெளியே வருவார், அடுத்தவர் உள்ளே போவார். வெளியே உட்கார்ந்திருப்பவரும் ஆட்டத்தில்தான் இருக்கிறார்.

ஆகஸ்ட் 12 இறுதிப் போட்டி. அதே மலேசியா. ஆறு நாள் முன்பு ஐந்து கோல் வாங்கிய அணி, பாதி ஆட்டத்தில் 3-1 என்று முன்னிலை! மூன்றாம் கால் பகுதி முடியும் 45-ஆவது நிமிடத்தில் ஹர்மன்பிரீத் ஒன்று, அதே நிமிடத்தில் குர்ஜந்த் ஒன்று. 3-3. பிறகு 56-ஆவது நிமிடத்தில் ஆகாஷ்தீப். 4-3. முதல் கோல் ஜுக்ராஜுடையது. இங்கும் நான்கு கோல், நான்கு பேர்.

இந்த 4-3 எனக்குப் பழைய நினைவைக் கிளறியது. 1980 மாஸ்கோ ஒலிம்பிக் இறுதியிலும் நம் தமிழர் வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் இந்தியா ஸ்பெயினை வென்றது இதே 4-3 கணக்கில்தான். ஆனால் கதை தலைகீழ். அங்கே சுரிந்தர் சோதி இரண்டு, கௌஷிக் ஒன்று என 3-0 முந்தியிருந்தோம். ஸ்பெயின் துரத்தி வந்தது. முகமது ஷாகித்தின் நான்காவது கோல்தான் காப்பாற்றியது. முந்தினாலும் அசந்துவிடக் கூடாது என்றது மாஸ்கோ. பின்தங்கினாலும் கைவிடக் கூடாது என்றது சென்னை.

இப்போது என் தவறுக்கு வருகிறேன். பரீட்சை நெருங்கினால் உங்கள் பி.டி. பீரியடை நான் வாங்கிக் கணக்குப் போட வைப்பேன். கொள்ளிடக் கரையில் காற்றாக ஓடிய பிள்ளைகளை, "ஓடி என்னத்தைக் கிழிக்கப் போறே?" என்று உட்கார வைத்திருக்கிறேன். அவர்களில் யாருக்குள் என்ன இருந்ததோ, நான் பார்க்கவே இல்லை. கார்த்தி கோல் அடித்த அன்று வீட்டில் எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு அந்த முகங்கள்தான் நினைவுக்கு வந்தன. அவர்களிடம் இன்று மன்னிப்புக் கேட்கிறேன்.

நீங்கள் இன்று பெற்றோர். சிலர் ஆசிரியரும்கூட. பிள்ளை முதல் மதிப்பெண் வாங்கவில்லையே என்று வருந்துகிறீர்கள். பதினெட்டுப் பேர் கொண்ட அணியில் எல்லோரும் கேப்டன் ஆக முடியாது. தன் முறை வரும்போது இறங்கி முழு மூச்சாக ஓடி, அடுத்தவருக்கு வழிவிட்டு வெளியே வரத் தெரிந்தால் போதும். அந்தப் பாடம் என் கரும்பலகையில் இல்லை, மைதானத்தில் இருந்தது.

பி.டி. பீரியடை யாரும் பிடுங்க விடாதீர்கள். என்னைப் போன்ற வாத்தியாராக இருந்தாலும் சரி.

அன்புடன்,
உங்கள் பழைய கணக்கு வாத்தியார், திருமானூர்