தூய மரியன்னை பேராலயம், சிவாஜிநகர், பெங்களூரு

நோயிலும் வறுமையிலும் தவிப்போர் ஆரோக்கிய மாதாவிடம் ஆறுதல் தேடிவரும் திருத்தலம். செஞ்சிப் பகுதியிலிருந்து குடிபெயர்ந்த தமிழ்க் கிறிஸ்தவர்களுக்காக, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அபே துபுவா என்ற பிரெஞ்சு குரு இங்கே கூரை வேய்ந்த சிற்றாலயம் எழுப்பினார். கோதிக் பாணியிலான இன்றைய ஆலயம் 1882இல் அர்ச்சிக்கப்பட்டது. 1973இல் பேராலயமாக உயர்ந்தது. செப்டம்பர் 8 மாதாவின் பிறப்பு விழா. அதையொட்டிய நவநாள்களில் சேலை உடுத்திய மாதாவின் சுரூபத்தைக் காணப் பிற சமயத்தாரும் திரள்கின்றனர்.

இத்தகைய பக்தி மக்களை மருத்துவத்திலிருந்து விலக்கிச் செயலற்றவர்களாக்கும் என்பது பழைய குற்றச்சாட்டு. இந்நகரின் வரலாறு அதை ஏற்கவில்லை. துபுவாவே மைசூர் நாட்டில் பெரியம்மைத் தடுப்பூசியைப் பரப்ப உழைத்தவர். 1898இல் பிளேக் தாக்கியபோது, நல்லாயன் சபைக் கன்னியர் 1886இல் தொடங்கிய புனித மார்த்தா மருத்துவமனை ஏற்கெனவே நகரில் இருந்தது. பிளேக்குக்கு அஞ்சியவர்கள் மாரியம்மனையும் நாடினார்களே, கிறிஸ்தவத்துக்கு என்ன தனிச்சிறப்பு என்று கேட்கலாம். நம்பிக்கை எந்தச் சமயத்துக்கும் தனியுடைமை அன்று, உண்மைதான். ஆனால் சிலுவையில் துன்புற்றவரைக் கடவுளாக வணங்குவோருக்கு, ஆசீர்வாதம் என்பது துன்பமே வராமல் இருப்பதன்று. பிள்ளையைப் பறிகொடுத்த வேளையிலும் கைவிடப்படவில்லை என்ற உறுதி. சுகாதார விதிகள் கொள்ளைநோயைத் தடுக்கலாம், தடுக்கவும் வேண்டும். இந்த உறுதியைத் தருவது அவற்றின் வேலையன்று.