எட்டுப் பத்தும் ஒற்றைப் பதினைந்தும்: பேஸ் கிட்டார் பெட்டிகளின் தொனியை ஒப்பிடும் முறை குறித்து

பேஸ் கிட்டார் வாசிப்பவர்களிடம் ஒரு வாய்ப்பாடு உண்டு: பத்து அங்குல ஸ்பீக்கர் வேகமானது, அடி நறுக்கென்று விழும், பதினைந்து அங்குலம் ஆழமானது, ஆனால் மந்தம். புதிதாகப் பெட்டி வாங்கப் போகிறவருக்கு முதலில் கிடைக்கும் உபதேசம் இதுதான். பத்தையும் பதினைந்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் இரண்டின் பலனும் கிட்டும் என்பது அதன் கிளைக்கதை. பல்லாண்டுகள் மேடையில் நின்று கேட்டவர்கள் சொல்வதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் அவர்கள் கேட்டது எதை என்று விசாரிக்க வேண்டியிருக்கிறது. பெட்டியின் தொனி என்று நாம் சொல்வதில் கணிசமான பங்கு, பெட்டிக்கும் காதுக்கும் நடுவேயுள்ள உயரத்திலும் தூரத்திலும் ஒலியளவிலும் உருவாகிறது என்பது என் வாதம். அவற்றைச் சமன்செய்யாமல் இரு பெட்டிகளை ஒப்பிடுவது, ஒரு தட்டைக் கையால் அழுத்திக்கொண்டே தராசு முள்ளைப் பார்ப்பது போன்றது.

இதைச் சோதிக்க ஆம்பெக் என்ற ஒரே அமெரிக்க நிறுவனத்தின் இரண்டு பெட்டிகளை எடுத்துக்கொள்கிறேன். அந்நிறுவனத்தைத் தொடங்கிய எவரெட் ஹல் டபுள் பேஸ் வாசித்தவர். அந்தக் கருவி தரையில் ஊன்றி நிற்கும் முளைக்குள் மைக்கைப் பொருத்தி ஒலியைப் பெருக்கும் யோசனை அவருடையது. ‘ஆம்ப்ளிஃபைடு பெக்’ என்ற அதன் பெயரே சுருங்கி நிறுவனத்தின் பெயராயிற்று. ராக் இசையின் கரகரப்பு ஹல்லுக்கு ஆகாது. 1960இல் ஜெஸ் ஆலிவரின் வடிவமைப்பில் வந்த பி-15 போர்ட்டாஃப்ளெக்ஸ் அந்த ரசனையில் பிறந்தது: ஒற்றைப் பதினைந்து அங்குல ஸ்பீக்கர், சுமார் 25 வாட் வால்வு ஆம்ப். கச்சேரி முடிந்ததும் மேல்மூடியோடு ஆம்பைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பெட்டிக்குள்ளேயே இறக்கிவிடலாம். 1969இல் வந்த எஸ்விடி வேறொரு காலத்தின் பொருள். நிறுவனம் அதற்குள் கைமாறியிருந்தது, அரங்குகள் பெருத்திருந்தன. 300 வாட் வால்வு ஆம்பும் எட்டுப் பத்து அங்குல ஸ்பீக்கர்கள் அடங்கிய பெட்டியுமாக அது அந்த ஆண்டே ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் அமெரிக்கப் பயணத்தில் மேடையேறியது. அந்தப் பெட்டிக்கு வாசிப்பவர்கள் வைத்த பட்டப்பெயர் ‘ஃபிரிட்ஜ்’. அதன் இன்றைய வழித்தோன்றலான எஸ்விடி-810இ 122 செ.மீ. உயரம், ஏறக்குறைய 64 கிலோ. ஒருமுறை மாடிப்படி ஏற்றியவருக்கு இந்த எண்ணை யாரும் சொல்ல வேண்டியதில்லை.

முதலில் பரப்பைக் கணக்கிடுவோம். பதினைந்து அங்குல ஸ்பீக்கரின் கூம்பு காற்றைத் தள்ளும் பரப்பு சுமார் 860 சதுர செ.மீ.; பத்து அங்குலத்துக்குச் சுமார் 340. எட்டையும் கூட்டினால் 2,700ஐத் தாண்டுகிறது. ஆக ‘சிறிய’ ஸ்பீக்கர்கள் கொண்ட பெட்டிதான் மும்மடங்கு பெரிய கூம்பு. ஒரே அளவு தாழொலியை எழுப்ப அதன் கூம்புகள் மூன்றில் ஒரு பங்கு தூரம் முன்பின் அசைந்தால் போதும். விட்டத்தை வைத்து ஆழத்தை முடிவுசெய்யும் வாய்ப்பாடு இந்த முதல் கூட்டல் கணக்கிலேயே ஆட்டம் காண்கிறது.

அப்படியானால் எட்டுப் பத்துதான் ஆழமான பெட்டியா? மேடைப் பேச்சு ஆமென்கிறது. தயாரிப்பாளரின் விவரத் தாள் வேறு சொல்கிறது. எஸ்விடி-810இ பெட்டியின் ஒலி 58 ஹெர்ட்ஸில் 3 டெசிபலும், 40 ஹெர்ட்ஸில் 10 டெசிபலும் குறைந்துவிடுகிறது. நான்கு தந்தி பேஸின் அடித்தந்தியைத் திறந்து மீட்டினால் எழும் அடிப்படை அதிர்வெண் 41.2 ஹெர்ட்ஸ், ஐந்து தந்திக் கருவியில் 31க்கும் கீழே. அடிவயிற்றை அதிரவைக்கும் பெட்டி என்று பெயர் வாங்கிய ஒன்று, கருவியின் அடிச்சுரத்தின் அடிப்படைக் கூற்றைப் பத்து டெசிபல் விழுங்கிவிட்டுத்தான் தருகிறது.

இதற்குக் காரணம் பெட்டியின் கட்டமைப்பு. எட்டுப் பத்து மூடிய பெட்டி. உள்ளே நான்கு அறைகள், அறைக்கு இரண்டு ஸ்பீக்கர்கள். அடைபட்ட காற்று வில்லைப் போலக் கூம்பைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கிறது. 300 வாட்டின் முன் ஸ்பீக்கர் கிழியாமல் காப்பது அந்த வில்தான். தாழொலியைத் தடுப்பதும் அதுவே. மூடிய பெட்டியின் ஒலி, ஒத்ததிர்வுக்குக் கீழே எட்டுச்சுரத்துக்கு 12 டெசிபல் என்ற மெல்லிய சரிவில் இறங்கும். துளையுள்ள பெட்டி நெடுந்தூரம் தாக்குப்பிடித்து, பிறகு 24 டெசிபல் என்று செங்குத்தாக விழும். துளையின் அருகே உள்ளங்கையை வைத்துக்கொண்டு அடித்தந்தியை மீட்டினால் காற்று குப்குப்பென்று கையில் மோதுவது தெரியும். அந்த இடத்தில் ஒலியெழுப்புவது கூம்பைவிடத் துளைதான். பெல் ஆய்வகத்தின் ஆல்பர்ட் தூராஸ் 1930இலேயே இதற்குக் காப்புரிமை கோரிவிட்டார். ஆனால் துளையின் அளவையும் பெட்டியின் கனஅளவையும் ஸ்பீக்கரின் குணங்களோடு கணக்கால் பொருத்தும் வழியை ஆஸ்திரேலியப் பொறியாளர் நெவில் தீல் 1961இல்தான் எழுதினார்; ரிச்சர்ட் ஸ்மால் அதை எழுபதுகளின் தொடக்கத்தில் விரித்தார். பி-15 அதற்கு ஓராண்டு மூத்தது. காதை நம்பிச் செதுக்கிய பெட்டி அது என்று கொள்வதே பொருத்தம்.

ஆழம் இல்லாத பெட்டி ஆழமாகக் கேட்பது எப்படி என்பதுதான் இங்கே சுவையான கேள்வி. பாதி விடை தந்தியில் இருக்கிறது. தந்தியின் நீளத்தில் பாலத்திலிருந்து ஐந்தில் ஒரு பங்கில் மீட்டி, ஆறில் ஒரு பங்கில் பிக்கப் இருப்பதாக வைத்துக் கணக்கிட்டால், 82 ஹெர்ட்ஸ் கூறு 41 ஹெர்ட்ஸ் கூற்றைவிடச் சுமார் 3 டெசிபல் வலுவாக வருகிறது. பெட்டிக்குப் போகும்முன்பே அடிப்படைச் சுரம் இளைத்தவன்தான். மறுபாதி காதில். 82, 123, 164 என்று சீரான இடைவெளியில் மேற்சுரங்கள் வந்து சேர்ந்தால், வராத 41ஐ மூளை தானே நிரப்பிக்கொள்கிறது. 1840களில் இயற்பியலாளர்கள் சீபெக்கும் ஓமும் மோதிக்கொண்ட பழைய வழக்கு இது. நமக்கு அந்நியமானதும் அல்ல. எண்பதுகளில் கையடக்க டிரான்சிஸ்டரில் இளையராஜா பாடல்களைக் கேட்டவர்கள் பேஸ் வரியையும் சேர்த்தே முணுமுணுத்தார்கள். அந்த உள்ளங்கை அகல ஸ்பீக்கரிலிருந்து 41 ஹெர்ட்ஸ் ஒருநாளும் வெளிவந்ததில்லை. ஆகவே வாசிப்பவர்கள் ‘ஆழம்’ என்று சுட்டுவது பெரும்பாலும் 80 முதல் 200 ஹெர்ட்ஸ் வரையிலான வட்டாரத்தின் செழுமையை. எட்டுப் பத்து அங்கே தாராளமாக நிற்கிறது.

இனி ‘வேகம்’. பத்து அங்குலக் கூம்பு எடை குறைவு, ஆகவே சட்டென்று புறப்படும் என்பது விளக்கம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, இயற்பியல் ஒப்புக்கொள்வதில்லை. கூம்பின் எடை அது எவ்வளவு உரக்க ஒலிக்கும் என்பதைப் பாதிக்கும், தாமதமாகப் புறப்படுமா என்பதையல்ல. 41 ஹெர்ட்ஸில் அசையும் கூம்பு, எவ்வளவு கனமானாலும், நொடிக்கு 41 முறை போய்த்தான் திரும்புகிறது. அடியின் நறுக்குத் தன்மை, விரல் தந்தியை விடும் கணத்தின் சொடுக்கில் இருக்கிறது. அது 700 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரை பரவிய மேல்கூறுகளின் வேலை. அவை காதை அடைந்தால் பெட்டி ‘வேகம்’, அடையாவிட்டால் ‘மந்தம்’.

அடைகின்றனவா என்பதைத் தீர்மானிப்பது உயரம். நின்று வாசிப்பவரின் காது தரையிலிருந்து 155 செ.மீ. என்று கொள்வோம், பெட்டி ஒரு மீட்டர் தள்ளி இருக்கட்டும். பி-15இன் கூம்பு மையம் முழங்காலுக்குச் சற்று கீழே, சுமார் 40 செ.மீ. உயரத்தில். காது அதன் அச்சிலிருந்து ஏறக்குறைய 49 பாகை விலகி நிற்கிறது. அந்தக் கோணத்தில் பதினைந்து அங்குலக் கூம்பின் ஒலி, அதைக் குற்றமற்ற உந்துதட்டு என்று எண்ணினால், 1,000 ஹெர்ட்ஸுக்குள்ளேயே பாதி அழுத்தத்துக்கு இறங்கி 1,700க்கு அருகே அறவே அறுந்துபோகும். எட்டுப் பத்தின் உச்சி வரிசை 105 செ.மீ. உயரத்தில் இருக்கிறது, காதின் விலகல் 27 பாகைதான், கூம்பும் சிறியது. பாதி அழுத்தத்துக்கு இறங்குவது 2,000 ஹெர்ட்ஸைத் தாண்டிய பிறகே. ஆக மேடையில் நின்று ஒருவர் ‘பத்து வேகம், பதினைந்து மந்தம்’ என்று சொன்னால் அவர் கேட்டது உண்மை. ஆனால் அவர் ஒப்பிட்டது மார்பு உயரத்துப் பெட்டியையும் முழங்கால் உயரத்துப் பெட்டியையும். பதினைந்தின் முன் ஒருமுறை குத்துக்காலிட்டு உட்கார்ந்து பாருங்கள். விரல் நகம் தந்தியில் உரசுவதுகூடக் கேட்கும், சற்றே கூசும். அல்லது பெட்டியைப் பின்பக்கமாகச் சாய்த்து வைத்தால் போதும், மந்தம் பாதி கரைந்துவிடும்.

தூரமும் சும்மா இருப்பதில்லை. அதே எட்டுப் பத்தில் கீழ் வரிசை தரையிலிருந்து சுமார் 15 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. ஒரு மீட்டர் தள்ளி நிற்பவரின் காதுக்கு மேல் வரிசையின் ஒலி 112 செ.மீ. கடந்தும், கீழ் வரிசையின் ஒலி 172 செ.மீ. கடந்தும் வந்து சேர்கிறது. இந்த 60 செ.மீ. வேறுபாடு 285 ஹெர்ட்ஸுக்கு அரை அலைநீளம். அங்கே இரண்டும் ஒன்றையொன்று தின்னும். பத்து மீட்டர் தள்ளிப் போனால் வேறுபாடு எட்டரை செ.மீ.; மோதல் 2,000 ஹெர்ட்ஸுக்கு நகர்ந்துவிடுகிறது. வாசிப்பவர் கேட்டதும் மூன்றாம் வரிசை ரசிகர் கேட்டதும் இரு வேறு தொனிகள். இவற்றில் எது ‘பெட்டியின்’ தொனி என்று கேட்டால் என்னிடம் விடையில்லை. அந்தக் கேள்வியே பிழையானது என்று நினைக்கிறேன்.

ஒலியளவுச் சமனின்மையே மிகுந்த சேதம் விளைவிப்பது. ஒரு டெசிபலுக்கும் குறைவான உயர்வை நாம் ‘உரக்க’ என்று உணர்வதில்லை, ‘நன்றாக’ என்று உணர்கிறோம். 8 ஓம் பெட்டியைக் கழற்றிவிட்டு 4 ஓம் பெட்டியை மாட்டினால், குமிழைத் தொடாமலே டிரான்சிஸ்டர் ஆம்ப் ஏறத்தாழ இருமடங்கு திறன் தருகிறது. 3 டெசிபல் அங்கேயே சேர்ந்துவிட்டது. அதோடு தாழ் அதிர்வெண்களில் காதின் உணர்ச்சி ஒலியளவோடு சேர்ந்து வேகமாக ஏறுவதால், உரத்த பெட்டி தானாகவே ஆழமான பெட்டியும் ஆகிவிடுகிறது. வால்வு ஆம்பில் சிக்கல் வேறு விதம்: பெட்டியின் மின்மறுப்பு ஏறும் ஒத்ததிர்வு இடத்தில் ஆம்பின் மின்னழுத்தமும் ஏறும். அங்கே ஒப்பிடப்படுவது பெட்டியும் ஆம்பும் பிணைந்த ஒரு ஜோடி.

கண்ணையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒலியியல் ஆய்வாளர்கள் ஃபிளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் 1994இல் வெளியிட்ட சோதனையில் ஒலித்துறையில் பணியாற்றிய 40 பேர் நான்கு வீட்டு ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னும் கண்ணெதிரேயும் கேட்டு மதிப்பிட்டார்கள். பார்த்துக் கேட்டபோது பெரிய, விலை கூடியவற்றின் மதிப்பெண் ஏறியது. சிறிய, மலிவானதன் மதிப்பெண் இறங்கியது. பெட்டியை அறைக்குள் இடம் மாற்றியதால் விளைந்த உண்மையான வேறுபாடுகளைக்கூட, பார்த்தவர்கள் சரியாகப் பிடிக்கவில்லை. தொழில்முறைக் காதுகளே அப்படியென்றால், எட்டுக் கண்களோடு மார்பளவு நிற்கும் ஃபிரிட்ஜின் முன் நடுநிலையோடு நிற்பது எளிதல்ல.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அது வலுவானதும்கூட. மேலே சொன்ன கணக்குகள் எல்லாம் ஸ்பீக்கர் சாதுவாக இருக்கும்வரைதான் செல்லும். உரக்க ஓட்டும்போது கம்பிச்சுருள் சூடேறித் தடை கூடி ஒலி அமுங்கும். காகிதக் கூம்பு நெளிந்து தன் சொந்தச் சுரங்களைச் சேர்க்கும். 25 வாட் ஆம்ப் மூச்சுத் திணறி உறுமும். இந்த உறுமல் பெட்டிக்குப் பெட்டி வேறுபடும் என்பதை முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த வேறுபாடு விட்டத்தின் வாய்ப்பாட்டுக்குத் துணை நிற்பதில்லை. ஒரே பத்து அங்குல அளவில் இரு தயாரிப்பாளர்களின் கூம்புகள், ஒரு பத்துக்கும் ஒரு பதினைந்துக்கும் உள்ளதைவிட அதிகமாக வேறுபடலாம்.

பி-15இன் புகழையும் ஒருமுறை உரசிப்பார்க்க வேண்டும். மோட்டவுன் பாடல்களின் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சனின் பெயரோடு அந்தப் பெட்டி பிரிக்கமுடியாதபடி ஒட்டிக்கொண்டது. கிளப் நிகழ்ச்சிகளில் அவர் அதைத்தான் பயன்படுத்தினார். ஆனால் டெட்ராய்ட் ஸ்டுடியோவில் பதிவான பெரும்பாலான பாடல்களில் அவருடைய பிரிசிஷன் பேஸ் நேரடியாக மிக்ஸரில் செருகப்பட்டிருந்தது. தடித்த வழவழப்பான தந்திகள், பாலத்து மூடியின் அடியில் பஞ்சு, ஒற்றை ஆள்காட்டி விரல்: உலகம் ‘பி-15 தொனி’ என்று போற்றுவதில் பெரும்பங்கு இவற்றுடையது. அப்பாடல்களில் பெட்டி அந்த அறையிலேயே ஒலிக்கவில்லை.

ஒப்பீடு செய்யத்தான் வேண்டுமென்றால், என் பரிந்துரை சிக்கனமானது. ஒரே வாசிப்பைப் பதிவுசெய்து அதையே இரு பெட்டிகளுக்கும் அனுப்ப வேண்டும். விரல் ஒருமுறை அடித்ததுபோல மறுமுறை அடிக்காது. கேட்பவரின் இடத்தில் ஒலியளவை அரை டெசிபலுக்குள் சமன்செய்து, பெட்டிகளைத் திரைக்குப் பின் ஒரே இடத்தில் மாற்றி மாற்றி நிறுத்தி, கூம்புகளின் மையத்தைக் காதின் உயரத்துக்குக் கொண்டுவர வேண்டும். கடைசி நிபந்தனையை எட்டுப் பத்து நிறைவேற்ற முடியாது, ஏனெனில் அதன் உயரமே அதன் வடிவமைப்பு. அதை நீக்கிவிட்டு ஒப்பிட்டால் ஒப்பிடப்படுவது வேறு பெட்டி. ஆகவே முடிவை எழுதும்போது நின்ற இடத்தையும் சேர்த்தே எழுத வேண்டும்: இத்தனை மீட்டரில், இந்த உயரத்தில், இந்த அளவில்.

இப்போது பல வாசிப்பாளர்கள் பெட்டியே இல்லாமல், அதன் ஒலிப்பதிவிலிருந்து எடுத்த துலங்கல் கோப்பைக் கணினியில் ஏற்றி, காதுக்குள் செருகிய கருவியில் கேட்டு வாசிக்கிறார்கள். ‘எட்டுப் பத்து’ என்று பெயரிட்ட கோப்புகள் ஏராளமாக விற்பனையாகின்றன. அவற்றில் பலவும், எட்டில் ஏதோ ஒரு கூம்பின் முன் சில செ.மீ. தள்ளி வைத்த ஒற்றை மைக்கில் எடுக்கப்பட்டவை. அந்தக் கோப்பில் 122 செ.மீ. உயரம் இல்லை, 60 செ.மீ. பாதை வேறுபாடு இல்லை, மற்ற ஏழு கூம்புகளின் ஒலி லேசான கசிவாக மட்டுமே இருக்கிறது. கேட்பவர்கள் அதிலும் ஃபிரிட்ஜை அடையாளம் காண்கிறார்கள்.